நிறுவனத்தின் கணினிப் பணிகள் யார் பொறுப்பில்? சொந்தக் குழு, வெளி நிறுவனம், பகிர்வு ஏற்பாடு: ஒரு விளக்கம்

புது தில்லி: நாட்டின் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் 2024ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, கணக்கில் பணம் இருந்தும் அதை யுபிஐ மூலம் அனுப்பவோ ஏடிஎம்மில் எடுக்கவோ இயலாத நிலைக்கு ஆளாயினர். கூட்டுறவு வங்கிகளும் மண்டல ஊரக வங்கிகளும் அவற்றில் அடங்கும். அந்த வங்கிகளுக்குப் பொதுவாகத் தொழில்நுட்ப சேவை வழங்கிவந்த சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்று கருதப்பட்டதால், சில்லறைப் பணப்பரிவர்த்தனைகளை நிர்வகிக்கும் என்பிசிஐ அமைப்பு அந்நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. மறுநாள் இணைப்பு மீட்கப்பட்டது.

தாக்கப்பட்டது ஒரு நிறுவனம். முடங்கியவை சுமார் 300. வங்கித் துறையில் நேர்ந்த இச்சம்பவம், கணினியை நம்பி நடக்கும் எந்தத் தொழிலுக்கும் உரிய ஒரு கேள்வியை எழுப்புகிறது. நிறுவனத்தின் கணினிகள், சர்வர், இணைய இணைப்பு, மென்பொருள், தரவு ஆகியவற்றைப் பராமரிக்கும் பணியைச் சொந்த ஊழியர்களிடம் வைத்துக்கொள்வதா, வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, பிற நிறுவனங்களுடன் சேர்ந்து பகிர்ந்துகொள்வதா என்பதே அது.

பெரும்பாலான சிறு, நடுத்தர நிறுவனங்கள் இதற்கான விடையைச் செலவுக் கணக்கிலிருந்து தேடத் தொடங்குகின்றன. செலவு முக்கியமே. ஆனால் வேலை நின்றுபோகும் நாளில் யார் வருவார், சாவி யாரிடம் இருக்கும், சட்டத்தின் முன் யார் பதில் சொல்வார் என்ற மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டு அதன்பின் செலவைப் பார்க்கும் நிறுவனங்களே பின்னர் சிக்கலைத் தவிர்க்கின்றன.

பிரிண்டர் பழுதோடு முடிவதில்லை

பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு தொழிற்சாலையிலோ மொத்த வியாபாரக் கடையிலோ கணினி பழுதானால், பில் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைய வியாபாரத்தை நடத்திவிட முடிந்தது. இன்று அந்த வசதி குறைந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு மின்-விலைப்பட்டியல் உருவாக்குவது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். விற்றுமுதல் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவை, விலைப்பட்டியல் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதைப் பதிவேற்றியாக வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக இ-வே பில் வேண்டும். கணினி நின்றால் லாரியும் நிற்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஜிஎஸ்டி இணையதளங்களில் நுழைய இருபடிச் சரிபார்ப்பு அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒருமுறைக் கடவுச்சொல், பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கே செல்லும். அந்த எண் வேலையை விட்டுச் சென்ற கணக்காளருடையதாகவோ, வெளியிலிருந்து வந்துபோகும் தொழில்நுட்ப உதவியாளருடையதாகவோ இருந்தால், அதை மாற்றி முடிக்கும்வரை சரக்கு வாசலிலேயே கிடக்கும்.

நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவானவற்றுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். அவை பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும். அதை அணைத்துவைக்க வழி இருக்கக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் இவ்விதி அமலில் உள்ளது. கணக்குகளின் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் எடுத்துவைக்கவும் வேண்டும். மென்பொருள் மெதுவாக இயங்குகிறதே என்று பராமரிப்பாளர் ஓர் அமைப்பை மாற்றிவிட்டுப் போனால், அது ஆண்டிறுதியில் தணிக்கையாளரின் அறிக்கையில் ஒரு பத்தியாக வந்து நிற்கும்.

சொந்தக் குழு: அருகிலிருக்கும் பலம், ஓராள் அபாயம்

சொந்த ஊழியரின் பெரும்பலம், அவர் அந்தத் தொழிலை அறிந்திருப்பது. எந்த இயந்திரம் எந்தக் கணினியோடு பேசுகிறது, எந்த வாடிக்கையாளரின் ஆர்டர் எந்த வடிவத்தில் வரும், மாதக் கடைசியில் எந்த அறிக்கை தாமதமானால் முதலாளிக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. அவர் நேரில் இருக்கிறார் என்பதும் சிறிய விஷயம் அல்ல. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. அவற்றுள் பலவற்றைத் தொலைவிலிருந்து சரிசெய்ய முடியவில்லை. ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் உட்கார்ந்து கோப்பை நீக்க வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. தொலைவிலிருந்து மட்டுமே உதவும் ஏற்பாட்டின் எல்லை எது என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

பலவீனம் கணக்கில் தெரியும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஊழியர் வாரம் 48 மணி நேரம் பணியாற்றினால், நாள் முழுவதும் ஒருவர் இருக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் ஐந்து பேர் தேவை. இரவுப் பணி இல்லாத அலுவலகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்றாலும், மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு, இரவில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஆகியவற்றுக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. அவ்வளவு பேரை நியமிக்க இயலாத நிறுவனம் ஒருவரை வைத்துக்கொண்டு அவரை எல்லா நேரமும் தொலைபேசியில் அழைக்கிறது. சில ஆண்டுகளில் எல்லா ரகசியங்களும் அந்த ஒருவரின் நினைவில் மட்டும் தங்கிவிடுகின்றன. அவர் அறிவிப்புக் கடிதம் கொடுக்கும் நாளில்தான் நிறுவனம் தன்னிடம் ஒரு வரைபடம்கூட இல்லை என்பதை அறிகிறது.

ஒருவருக்கே எல்லாம் தெரிந்திருக்கவும் முடியாது. பயனாளருக்கு உதவுவது ஒரு திறன். நெட்வொர்க்கை வடிவமைப்பது வேறொரு திறன். ஊடுருவலைக் கண்டறிவது மற்றொன்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23ஆம் தேதி நிகழ்ந்த ரான்சம்வேர் தாக்குதல் இதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள கணினி அமைப்புகளை எய்ம்ஸ் நிர்வாகமே நேரடியாகப் பராமரித்துவந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க் உரிய முறையில் பகுதிகளாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவகுத்ததாக, மத்திய கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் தனது முதற்கட்ட ஆய்வில் கண்டறிந்தது. நோயாளிகளின் பதிவு முதல் ஆய்வக முடிவுகள் வரை கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் ஆயின. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் தரவு மீட்கப்பட்டது.

பெரிய சொந்தக் குழு இருந்தாலும் கண்காணிப்பு தளர்ந்தால் நிலைமை மாறாது. கோட்டக் மஹிந்திரா வங்கி, இணையம் வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டுகளை வழங்கவும் 2024 ஏப்ரல் 24ஆம் தேதி ரிசர்வ் வங்கி தடை விதித்தது. தொழில்நுட்பச் சொத்துகளின் கணக்கெடுப்பு, மென்பொருள் திருத்தங்கள், பயனர் அனுமதி மேலாண்மை, வெளி நிறுவனங்களால் வரும் அபாயம் உள்ளிட்டவற்றில் காணப்பட்ட குறைகள் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. தடை நீங்க 2025 பிப்ரவரி வரை ஆனது. அப்பட்டியலின் முதல் இனம் எத்தனை எளியது என்பது கவனிக்கத்தக்கது: தன்னிடம் எத்தனை கணினிகள், எத்தனை மென்பொருள்கள் உள்ளன என்ற கணக்கு.

வெளி நிறுவனம்: ஒப்பந்தத்தில் எழுதியதே கிடைக்கும்

இந்தியாவில் இதன் எளிய வடிவம் பலகாலமாக உள்ள ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கணினி பழுதானால் ஆள் வருவார், பழுதாகாதவரை வரமாட்டார். அண்மைக் காலத்தில் மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு கணினிகளைத் தொடர்ந்து கண்காணித்து, புதுப்பிப்பு, பேக்கப், பாதுகாப்பு ஆகியவற்றையும் கவனிக்கும் நிர்வகிப்புச் சேவைகள் பரவியுள்ளன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறியாமல், ஏஎம்சி கட்டணத்தில் நிர்வகிப்புச் சேவையை எதிர்பார்ப்பதே பெரும்பாலான பூசல்களின் மூலம்.

பெரிய அளவில் இம்முறை வெற்றி பெற்றதற்குப் பாரதி ஏர்டெல் பெரிதும் பேசப்பட்ட உதாரணம். 2004இல் அந்நிறுவனம் தனது தகவல் தொழில்நுட்பப் பணிகளைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஐபிஎம் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் மதிப்பு 75 கோடி டாலர் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஏர்டெலின் வருவாய் வளர வளர ஐபிஎம்மின் கட்டணமும் வளரும் வகையில் அது அமைக்கப்பட்டிருந்ததால் இருவரின் நலனும் ஒரே திசையில் சென்றது. பத்தாண்டு முடிந்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது அதன் பரப்பு சுருக்கப்பட்டது. வளரும்போது ஒப்படைத்துவிட்டு, வளர்ந்தபின் சிலவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வது முரண்பாடு அல்ல.

சிறு நிறுவனத்துக்கு அத்தகைய பேரம் பேசும் வலிமை இல்லை. ஆகவே ஒப்பந்தத்தின் சொற்களை அது இன்னும் கூர்ந்து படிக்க வேண்டியுள்ளது. ‘நான்கு மணி நேரத்தில் பதில்’ என்று இருந்தால், நான்கு மணி நேரத்தில் ஒருவர் தொலைபேசியில் பேசுவார் என்று பொருள். பழுது நீங்கும் என்பதற்கு அதில் உறுதியில்லை. பதில் தரும் நேரம் வேறு, தீர்வு தரும் நேரம் வேறு.

இயங்குநேரம் பற்றிய சதவீதங்களும் அப்படியே. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 99 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழி, ஆண்டில் 87 மணி நேரத்துக்கு மேல் நிற்கலாம் என்று அனுமதிக்கிறது. 99.9 சதவீதம் என்றால் அது ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரம் எந்த நாளில் வரும் என்பதை எந்த ஒப்பந்தமும் சொல்வதில்லை. மாத வருமானக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி மாலையில் நான்கு மணி நேரம் நிற்பதும், ஞாயிறு அதிகாலையில் நான்கு மணி நேரம் நிற்பதும் ஒப்பந்தத்தின் கணக்கில் ஒன்றே. திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடும் வரியும் பெரும்பாலும் பின் பக்கங்களில் இருக்கும்.

செலவு ஒப்பீட்டில் வரியையும் சேர்த்தாக வேண்டும். வெளி நிறுவனத்தின் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஊழியரின் சம்பளத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. வரி விதிக்கத்தக்க பொருளை விற்கும் தொழிற்சாலை அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். மருத்துவமனை, பள்ளி போன்று தம் சேவைக்கு வரிவிலக்கு பெற்றவை அதைப் பெற இயலாது. அவற்றுக்கு அது முழுச் செலவு. ஒரே விலைப்புள்ளி இரு நிறுவனங்களுக்கு இரு வேறு விலை ஆவது இவ்வாறுதான். சேவை வழங்குபவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவராயின், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்பதும் சட்டம். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள்.

சாவி யாரிடம்?

இம்முறையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இது. நிறுவனத்தின் இணையதள முகவரியான டொமைன் யார் பெயரில் பதிவாகியுள்ளது? மின்னஞ்சல் அமைப்பின் தலைமை அட்மின் கணக்கு யாருடைய மின்னஞ்சலோடு இணைந்துள்ளது? மென்பொருள் லைசென்ஸ் வாங்கிய ரசீது எவர் பெயரில் உள்ளது? பேக்கப் சேமிக்கப்படும் கிளவுட் கணக்குக்குப் பணம் கட்டுவது யார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் ‘எங்கள் ஐடி ஆள்’ என்பதே பதிலாக இருக்கும் நிறுவனம், கட்டணத் தகராறு ஒன்று எழும் நாளில் தன் சொந்த வீட்டுக்கு வெளியே நிற்கும்.

சேவை வழங்குபவர்கள் தீய எண்ணத்தோடு இப்படிச் செய்கிறார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. தொடக்கத்தில் வேலையைச் சீக்கிரம் முடிக்கத் தம் மின்னஞ்சலையே கொடுத்துப் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு யாரும் அதை மாற்றுவதில்லை. எனவே கணக்குகள் நிறுவனத்தின் பெயரில் தொடங்கப்பட்டு, வெளியாருக்கு வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி தரப்படுவது பாதுகாப்பானது. தலைமைக் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் உரிமையாளரின் பெட்டகத்தில் இருப்பது பழைய பாணி போலத் தோன்றினாலும், பல இக்கட்டுகளில் அந்த உறையே கைகொடுக்கிறது.

வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை அல்ல

இணையவழித் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி வெளியான உத்தரவு இதைத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கியது. தகவல் தெரிவிக்கும் கடமையை மற்றொருவருக்கு மாற்றிவிட முடியாது என்று செர்ட்-இன் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவுபடுத்தியது. இரவு 11 மணிக்குச் சேவை நிறுவனம் ஓர் ஊடுருவலைக் கண்டறிந்து, காலை 10 மணிக்கு அலுவலகம் திறந்தபின் வாடிக்கையாளருக்குச் சொன்னால் ஆறு மணி நேரம் எப்போதோ கடந்திருக்கும். ஒப்பந்தத்தில் இரவு நேரத் தொடர்பு எண் ஒன்றும், அதை எடுக்கும் பெயர் ஒன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டியது இதனால்தான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறாரானது. வாடிக்கையாளரின் தரவை வேறொரு நிறுவனம் கையாண்டாலும், அதைச் சேகரித்த நிறுவனமே பொறுப்பு; இடையில் எந்த உடன்பாடு இருந்தாலும் இதில் மாற்றமில்லை. தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் தரப்பட்டது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட வெளிப்பணி ஒப்படைப்பு வழிகாட்டுதல்கள், பிற துறையினரும் எடுத்துப் படிக்கத் தக்கவை. சேவை நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் உரிமை, ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் திட்டம், துணை ஒப்பந்ததாரர்கள் மீதான கட்டுப்பாடு ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. சிறிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அந்த வழிகாட்டுதல்களிலிருந்து அப்போது விலக்கு தரப்பட்டிருந்தது. வெளியாரை மிகுதியும் நம்பியிருப்பவை அவையே என்பது ஒரு முரண்.

பகிர்வு: சிறியவர்களுக்குப் பெரிய வசதி, பொதுவான அபாயம்

பகிர்வு என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஒரு குழுமத்தின் பல நிறுவனங்களோ, ஒரே துறையைச் சேர்ந்த பல சிறு நிறுவனங்களோ சேர்ந்து ஒரு பொதுத் தொழில்நுட்ப மையத்தை வைத்துக்கொள்வது ஒன்று. ஒரே நிறுவனத்துக்குள் சில பணிகளைச் சொந்த ஊழியரும் சில பணிகளை வெளி நிறுவனமும் கவனிப்பது மற்றொன்று.

முதல் வகைக்கு இந்தியாவில் கூட்டுறவுத் துறையே பெரிய களம். தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்ற அளவில் தொடங்கிய அத்திட்டத்தின் மையம், நபார்டு வங்கி உருவாக்கிய ஒரே தேசியப் பொது மென்பொருள். ஒரு கிராமத்துச் சங்கம் தனக்கென மென்பொருள் எழுதவோ, சர்வர் வைக்கவோ, வல்லுநரை அமர்த்தவோ ஒருநாளும் இயலாது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே நோக்கில் தேசிய நகரக் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சிக் கழகம் என்ற தலைமை அமைப்பு 2024 மார்ச் 2ஆம் தேதி தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 1,500 வங்கிகளுக்குப் பொதுத் தொழில்நுட்ப வசதி அளிப்பது அதன் பணிகளில் ஒன்று. இருபது பேர் வேலை செய்யும் வங்கிக்கு இருநூறு பேர் கொண்ட பாதுகாப்பு மையத்தின் காவல் கிடைப்பதற்கு வேறு வழி எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

அந்தக் காவலில் ஓட்டை விழுந்தால் அனைவரும் ஒரே நாளில் நனைகிறார்கள் என்பதற்கு 2024 ஜூலை 31 சாட்சி. சி-எட்ஜ் சிறு நிறுவனம் அல்ல. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், பாரத ஸ்டேட் வங்கி ஆகிய இரண்டும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம். தாக்குதலின் தொடக்கம் அந்நிறுவனத்துடன் இணைந்து பணியாற்றிய மற்றொரு நிறுவனத்தின் தவறாக அமைக்கப்பட்ட சர்வர் ஒன்றில் இருந்ததாகக் கிளவுட்செக் என்ற தனியார் இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஆய்வில் தெரிவித்தது. அப்படியானால், வங்கியின் சேவையாளருக்குச் சேவை செய்தவரிடம் நேர்ந்த கவனக்குறைவு, அவரது பெயரைக்கூட அறிந்திராத வாடிக்கையாளரின் பணத்தை ஒரு நாள் நிறுத்திவைத்தது. பகிர்வு ஏற்பாட்டில் சேரும் எவரும் ‘உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்’ என்று கேட்டு எழுத்தில் பதில் பெற வேண்டும்.

என்பிசிஐ செய்த துண்டிப்பிலும் ஒரு பாடம் உள்ளது. தீ பரவாமல் தடுக்க இணைப்பை வெட்டும் அதிகாரம், மையத்தின் கையில் இருந்தது. பாதிக்கப்பட்ட வங்கிகளுக்கு அது கடினமான நாள். நாட்டின் மொத்தப் பணப்பரிவர்த்தனைக்கோ அது பாதுகாப்பான நாள். பகிர்ந்துகொள்ளும் சிறு நிறுவனங்களும் இவ்வாறே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்று பரவாத வகையில் நெட்வொர்க் பிரிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டியுள்ளது.

நாள்தோறும் எழும் சிக்கல் வேறு. அது வரிசை பற்றியது. ஐந்து நிறுவனங்கள் மூன்று தொழில்நுட்பர்களைப் பகிர்ந்துகொண்டால், ஒரே காலையில் இரண்டில் பழுது நேரும்போது யாருடையது முதலில் கவனிக்கப்படும்? பெரும்பாலும் அதிகம் பணம் தருபவருடையது, அல்லது மையம் இருக்கும் கட்டடத்தில் உள்ளவருடையது. குழும நிறுவனங்களில் தாய் நிறுவனத்துக்கு முதலிடமும் துணை நிறுவனத்துக்குக் காத்திருப்பும் வாய்ப்பதைப் பலரும் அறிவர். பயனர் எண்ணிக்கை, புகார்களின் எண்ணிக்கை, விற்றுமுதல் ஆகியவற்றுள் எதைக் கொண்டு செலவைப் பங்கிடுவது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். தனித்தனிப் பதிவு பெற்ற குழும நிறுவனங்களுக்கு இடையே சேவை பரிமாறப்பட்டால், பணம் வாங்காவிட்டாலும் அது ஜிஎஸ்டிக்கு உட்பட்ட வழங்கலாகக் கருதப்படும். ‘வீட்டுக்குள் நடப்பதுதானே’ என்று விலைப்பட்டியல் போடாமல் விடுவோர் பின்னர் நோட்டீஸ் பெறுகின்றனர்.

எதை எங்கே வைப்பது?

‘மூன்றில் ஒன்று’ என்ற தேர்வு நடைமுறையில் அரிதாகவே நிகழ்கிறது. வேலையைப் பிரித்துப் பார்த்தால் விடை எளிதாகிறது. பயனரின் மேசையருகே நின்று செய்யும் உதவிக்கு அருகிலுள்ள ஆள் வேண்டும். இரவு பகலாகச் செய்யும் பாதுகாப்புக் கண்காணிப்பைச் சிறு நிறுவனம் தானே செய்ய முயல்வது வீண். அதை வெளியிலிருந்தோ பகிர்ந்தோ பெறுவதே பொருந்தும். மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு போன்ற எல்லோருக்கும் பொதுவானவற்றைக் கிளவுட் சேவையாக வாங்கலாம். தொழிலின் உயிர்நாடியான மென்பொருள் பற்றிய அறிவு மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும். ஜவுளி ஆலைக்கு உற்பத்தித் திட்டம், மருத்துவமனைக்கு நோயாளர் பதிவு, நிதி நிறுவனத்துக்குக் கடன் கணக்கு ஆகியவை அத்தகையவை.

பதினைந்து, இருபது பேர் கொண்ட அலுவலகத்துக்கு முழுநேர ஐடி ஊழியர் தேவைப்படுவதில்லை. நல்ல வெளி நிறுவனம் ஒன்றும், அதனுடன் பேசத் தெரிந்த, சாவிகளை வைத்திருக்கும் ஊழியர் ஒருவரும் போதும். அந்த ஊழியர் கணக்காளராகவும் இருக்கலாம். ஐம்பது பேரைத் தாண்டி, இரண்டு மூன்று இடங்களில் கிளைகள் தோன்றும்போது உள்ளே ஒருவரை அமர்த்தி, அவருக்குத் துணையாக வெளி நிறுவனத்தை வைத்துக்கொள்ளும் கலப்பு முறை பெரும்பாலும் ஒத்துவருகிறது. வெளி நிறுவனம் வந்துவிட்டது என்று உள்ளே இருந்த கடைசி ஆளையும் அனுப்பிவிடுவது இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கிறது. சம்பளம் மிச்சமாகும். ஆனால் வெளி நிறுவனம் சொல்வது சரியா, கேட்கும் தொகை நியாயமா என்று சரிபார்க்க அதன்பின் எவரும் இருப்பதில்லை.

எந்த முறையைத் தேர்ந்தாலும் மாறாத ஒன்று பேக்கப். எய்ம்ஸ் மருத்துவமனையைக் காப்பாற்றியது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர். அன்றாடக் கணினிகளோடு எப்போதும் இணைந்தே இருக்கும் பேக்கப் தாக்குதலின்போது சேர்ந்தே பூட்டப்படும். ஆகவே ஒரு பிரதியாவது இணைப்பு அறுக்கப்பட்டு வேறிடத்தில் இருக்க வேண்டும். பேக்கப் எடுக்கப்படுகிறது என்ற அறிக்கை மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை உண்மையில் மீட்டெடுத்துக் காட்டச் சொல்வது, சேவை நிறுவனத்தின் தரத்தை அறியவும் மலிவான சோதனை.

முறையை மாற்ற முடிவெடுத்தவர்கள் மாற்றத்துக்கான நாளையும் யோசித்துக் குறிக்க வேண்டும். பழைய பராமரிப்பாளரும் புதியவரும் குறைந்தது ஒரு மாதம் சேர்ந்து பணியாற்றும்படி ஒப்பந்தக் காலத்தை அமைத்துக்கொண்டால், எழுதிவைக்கப்படாத விவரங்கள் கைமாற நேரம் கிடைக்கும். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குரிய 11ஆம் தேதி, 3பி தாக்கலுக்குரிய 20ஆம் தேதி, சம்பளம் போடும் மாதக் கடைசி, கணக்கு முடிக்கும் மார்ச், ஏப்ரல் ஆகியவற்றை விலக்கினால், சர்வரை இடம் மாற்ற மாதத்தில் 21ஆம் தேதியை ஒட்டிய சில நாட்களே எஞ்சும். கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுவது, பழையவரின் கடைசி விலைப்பட்டியலுக்குப் பணம் செலுத்தி முடித்த அதே நாளில் செய்யவேண்டிய வேலை.